மேக் என்று அடித்தால் உள்ளே என்ன நடக்கிறது? பில்ட் சிஸ்டம்: புதிதாக வருகிறவர்களுக்கு ஓர் எளிய விளக்கம்

கட்டற்ற மென்பொருள் ஒன்றில் பங்களிக்க வேண்டும் என்று ஆசையோடு வருகிற பலர், ஒரு வரி நிரல்கூட எழுதாமல் திரும்பிப் போய்விடுகிறார்கள். குன்னூர், கோத்தகிரி, ஊட்டிப் பக்கத்துக் கல்லூரி மாணவர்களோடு உட்கார்ந்து இதைத் தொடர்ந்து பார்த்து வருகிறேன். மூலநிரலை இறக்குவது வரை நன்றாகப் போகும். அப்புறம் ரீட்மீ கோப்பில் இருக்கிற நாலு கட்டளைகளை அப்படியே எடுத்து டெர்மினலில் ஒட்டுவார்கள். திரை முழுக்கப் பிழைச் செய்தி ஓடும். "அண்ணா, எனக்கு சி அவ்வளவா வராது, அதான்" என்று சொல்லி லேப்டாப்பை மூடிவிடுவார்கள்.

அந்தப் பிழைக்கும் அவர்களுடைய சி அறிவுக்கும் பெரும்பாலும் எந்தச் சம்பந்தமும் இருக்காது. கணினியில் ஒரு பொதி (பேக்கேஜ்) இல்லாமல் இருந்திருக்கும், அவ்வளவுதான். கல்லூரி ஆய்வகத்தில் ஒரே கோப்பில் நிரல் எழுதி ஒரு பொத்தானை அழுத்தியே பழகியவர்களுக்கு, பெரிய திட்டம் ஒன்று எப்படி ஓடுகிற நிரலாக மாறுகிறது என்று யாரும் சொல்லித் தருவதில்லை. பேச்சிலும் எல்லாம் கலந்துவிடுகிறது. மூலநிரலை ஓடுகிற நிரலாகக் கட்டுவதைத்தான் பில்ட் என்கிறோம். கம்பைலர், மேக், சிமேக், பொதிகளை நிறுவும் ஏபிடி எல்லாவற்றையும் சேர்த்து "பில்ட் ஆகலை" என்ற ஒரே வாக்கியத்தில் சொல்லிவிடுகிறோம். எது நின்றது என்று தெரியாமல் எதைச் சரி செய்வது?

அவற்றை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்ப்போம். கட்டளைகளையும் கோப்புப் பெயர்களையும் இங்கே தமிழ் எழுத்தில் தந்திருக்கிறேன். கணினியில் வழக்கம்போல ஆங்கில எழுத்தில் அடித்துக்கொள்ளுங்கள்.

கம்பைலர், லிங்கர், ஹெடர்

சி மொழியை எடுத்துக்கொள்வோம். லினக்ஸ் இயங்குதளத்தின் கருவான கெர்னல், நிரலின் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட், போஸ்ட்கிரஸ் தரவுத்தளம், பைத்தானின் மூல இயக்கி என்று பெரிய திட்டங்கள் பல அதில்தான் எழுதப்பட்டிருக்கின்றன.

நாம் எழுதும் மூலநிரலை எந்திரக் கட்டளைகளாக மாற்றுவது கம்பைலர். ஒரு மூலக் கோப்பைக் கொடுத்தால் அது ஓர் ஆப்ஜெக்ட் கோப்பைத் தரும். அதற்குள் எந்திரக் கட்டளைகள் இருக்கும், ஆனால் தனியாக ஓடாது. "இந்த ஃபங்ஷன் வேறு எங்கோ இருக்கிறது, பிறகு பார்த்துக்கொள்" என்று அங்கங்கே காலியிடம் விட்டிருக்கும். எல்லா ஆப்ஜெக்ட் கோப்புகளையும் சேர்த்து, அந்தக் காலியிடங்களை நிரப்பி, ஓடக்கூடிய ஒரே நிரலாக்குவது லிங்கர். ஜிசிசி என்ற கம்பைலர் கட்டளையை அடித்தால் இரண்டும் அடுத்தடுத்து நடந்துவிடுவதால் ஒரே வேலை போலத் தெரிகிறது.

இன்னும் ஒன்று: ஹெடர் கோப்பு. ஒரு ஃபங்ஷனின் பெயர் என்ன, அதற்கு என்ன கொடுக்க வேண்டும், அது என்ன திருப்பித் தரும் என்ற அறிவிப்புகளும், ஸ்ட்ரக்சர் (தரவின் அமைப்பு) விவரங்களும் இருக்கும் கோப்பு அது. ஃபங்ஷனின் உடல் வேறு இடத்தில் இருக்கும். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் பாதிப் பிழைகளுக்கு இதுதான் விடை.

கோப்பு ஒன்றிரண்டாக இருக்கும்வரை இதையெல்லாம் கையாலேயே செய்துகொள்ளலாம். லினக்ஸ் கெர்னலில் மூன்று கோடிக்கும் மேற்பட்ட வரிகள் பல்லாயிரம் கோப்புகளில் கிடக்கின்றன. ஒரு வரியை மாற்றினால் எந்தக் கோப்புகளை மறுபடி கம்பைல் செய்ய வேண்டும், எதைத் தொட வேண்டாம், எந்த வரிசையில் செய்ய வேண்டும்? இதை முடிவு செய்வதுதான் பில்ட் சிஸ்டம். கம்பைல் செய்வது அதன் வேலை இல்லை. அதற்குக் கம்பைலரைக் கூப்பிடும்.

தேயிலை பேக்டரியில் டீ மேக்கர் பார்க்கிற கணக்கு

நீலகிரியில் இருப்பவர்களுக்கு இதை விளக்குவது எளிது. காலையில் பறித்த பச்சை இலை வண்டியில் வந்து பேக்டரியில் இறங்குகிறது. தொட்டிகளில் பரப்பிக் காற்றுவிட்டு வாட்டுகிறார்கள். அதற்கே பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் பிடிக்கும். வாடிய இலை சிடிசி ரோலரில் நசுங்கி நுணுக்கப்படுகிறது. நுணுங்கியது காற்றுப்பட்டுப் பச்சையிலிருந்து செம்பு நிறத்துக்கு மாறுகிறது. அப்புறம் டிரையரில் ஈரம் மூன்று விழுக்காடு அளவுக்கு இறங்குகிறது. கடைசியில் சலித்துத் தரம் பிரித்துச் சாக்கில் கட்டுகிறார்கள்.

இதற்கெல்லாம் பொறுப்பான டீ மேக்கர் முடிவிலிருந்து பின்னோக்கி யோசிப்பார். நாளை இத்தனை சாக்கு டஸ்ட் ரகத் தூள் போக வேண்டும் என்றால், சலிக்கக் காய்ந்த தூள் வேண்டும். தூள் காய நிறம் மாறிய இலை வேண்டும், டிரையரும் சூடாக இருக்க வேண்டும். இப்படியே போய்ப் பச்சை இலையில் வந்து நிற்பார். எதுவும் ஒன்றையொன்று நம்பி இல்லாத இடத்தில் இரண்டு வேலையை ஒரே நேரத்தில் ஓட்டுவார். நேற்றைய தூள் சலிப்பில் இருக்கும்போதே இன்றைய இலை தொட்டியில் வாடிக்கொண்டிருக்கும். புது இலை வந்துவிட்டது என்பதற்காக ஏற்கெனவே கட்டிய சாக்கைப் பிரித்து மறுபடி டிரையரில் போடமாட்டார்.

பில்ட் சிஸ்டம் செய்வதும் இதையேதான். முடிவுப் பொருளிலிருந்து பின்னோக்கிப் போகும், தேவையானதை மட்டும் செய்யும், ஒன்றையொன்று நம்பி இல்லாத வேலைகளை ஒரே நேரத்தில் ஓட்டும். ஒப்பீடு ஓரிடத்தில் உடையும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். இலை பயன்பட்டுத் தீர்ந்துபோகிறது. மூலநிரல் தீராது. அதே கோப்பை மாற்றி மாற்றி எத்தனை முறை வேண்டுமானாலும் கம்பைல் செய்கிறோம். அதனால் "முன்பு செய்தது இன்னும் செல்லுமா, இல்லை பழசாகிவிட்டதா" என்ற கேள்வி ஒவ்வொரு முறையும் வருகிறது. பேக்டரியில் அந்தக் கேள்வியே இல்லை. மென்பொருளில் அதுதான் மையம்.

மேக் பிறந்த கதை

மேக் என்ற கருவியை 1976-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் எழுதினார். அதைத் தூண்டியது ஒரு சின்னச் சம்பவம். யாக் என்ற கருவியை எழுதிய ஸ்டீவ் ஜான்சன் ஒரு காலைப்பொழுது முழுக்கத் தன் நிரலில் பிழை தேடியிருக்கிறார். பிழையை ஏற்கெனவே திருத்திவிட்டிருந்தார். ஆனால் திருத்திய கோப்பு மறுபடி கம்பைல் ஆகவில்லை. பழைய ஆப்ஜெக்ட் கோப்பையே லிங்கர் எடுத்துக்கொண்டிருந்தது. சரியாக இருந்த நிரலில் இல்லாத பிழையைத் தேடிய கடுப்போடு அவர் ஃபெல்ட்மனின் அறைக்குள் நுழைந்ததிலிருந்துதான் மேக் தொடங்குகிறது. இந்தக் கருவிக்காக 2003-இல் ஃபெல்ட்மனுக்கு ஏசிஎம் என்ற கணினியாளர் சங்கம் மென்பொருள் அமைப்பு விருது தந்தது.

இந்தக் கதையை மாணவர்களிடம் தவறாமல் சொல்வேன். பில்ட் சிஸ்டம் என்றால் நீளக் கட்டளைகளை அடிக்காமல் தப்பிக்கிற குறுக்குவழி என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அதற்கு ஒரு ஷெல் ஸ்கிரிப்டே போதும். திரையில் ஓடுகிற நிரல் நான் இப்போது எழுதி வைத்திருக்கிற நிரல்தானா என்று உறுதி கொடுப்பதுதான் இதன் முதல் வேலை. அந்த உறுதி இல்லாமல் பிழை தேடுவதைவிட வீணான உழைப்பு நிரலாக்கத்தில் வேறில்லை.

ஒரு விதி எப்படி இருக்கும்

மழைமானிக் குறிப்புகளைப் படித்து மாத மொத்தம் சொல்கிற ஒரு சின்ன நிரலை வைத்துக்கொள்வோம். இரண்டு மூலக் கோப்புகள்: முதன்மை.சி, மழை.சி. இரண்டும் பயன்படுத்தும் ஒரு ஹெடர்: மழை.எச். மேக்ஃபைல் என்ற கோப்பில் விதிகள் இப்படி இருக்கும்:

மழைக்கணக்கு: முதன்மை.ஓ மழை.ஓ
        ஜிசிசி -ஓ மழைக்கணக்கு முதன்மை.ஓ மழை.ஓ

முதன்மை.ஓ: முதன்மை.சி மழை.எச்
        ஜிசிசி -சி முதன்மை.சி

மழை.ஓ: மழை.சி மழை.எச்
        ஜிசிசி -சி மழை.சி

முக்காற்புள்ளிக்கு இடப்பக்கம் இருப்பது இலக்கு, அதாவது உருவாக வேண்டிய கோப்பு. வலப்பக்கம் இருப்பவை சார்புகள், அதாவது அது உருவாகத் தேவையான கோப்புகள். கீழே உள்ள வரி செய்முறை, அதாவது அதை உருவாக்கும் கட்டளை. .ஓ என்று முடிபவை ஆப்ஜெக்ட் கோப்புகள்.

மேக் என்று அடித்ததும் அது முதல் இலக்கை எடுக்கும். மழைக்கணக்கு வேண்டும் என்றால் இரண்டு ஆப்ஜெக்ட் கோப்புகள் வேண்டும். அவற்றுக்கு மூலக் கோப்புகளும் ஹெடரும் வேண்டும். இப்படி அடி வரைக்கும் போய்விட்டு, ஏறி வரும்போது ஒவ்வோர் இடத்திலும் ஒரே ஒரு கேள்வி கேட்கும்: என் சார்புகளில் ஏதாவது என்னைவிடப் புதியதா? கோப்பு கடைசியாக மாறிய நேரத்தை இயங்குதளம் குறித்து வைத்திருக்கிறது அல்லவா, அந்த நேரத்தைத்தான் ஒப்பிடுகிறது. சார்பு புதியது என்றாலோ, இலக்குக் கோப்பே இன்னும் இல்லை என்றாலோ செய்முறை ஓடும். இல்லையென்றால் அந்த இலக்கை அப்படியே விட்டுவிடும்.

இப்போது மழை.சி-இல் ஒரு வரியை மாற்றிப் பாருங்கள். மழை.ஓ பழசு, எனவே அது மறுபடி கம்பைல் ஆகும். அதனால் மழைக்கணக்கு பழசாகிவிட்டது, எனவே லிங்கர் மறுபடி ஓடும். முதன்மை.ஓ தொடப்படாது. மழை.எச்-ஐ மாற்றினால் இரண்டு ஆப்ஜெக்ட் கோப்புகளும் மறுபடி உருவாகும். எதையும் மாற்றாமல் மேக் என்று அடித்தால், மழைக்கணக்கு ஏற்கெனவே புதிதாகத்தான் இருக்கிறது என்று ஒரு வரி சொல்லிவிட்டு நின்றுவிடும்.

செய்முறை வரி டேப் எழுத்தோடு தொடங்க வேண்டும். எடிட்டர் அதை வெறும் இடைவெளிகளாக மாற்றியிருந்தால் "மிஸ்ஸிங் செப்பரேட்டர்" என்ற பிழை வரும். புதியவர்களை எத்தனையோ மணி நேரம் அழவைத்த பிழை இது. ஃபெல்ட்மனுக்கே இந்த டேப் பிடிக்கவில்லை. ஆனால் அவர் அதை மாற்ற நினைத்தபோது ஒரு டஜன் பேர் மேக்கைப் பயன்படுத்தத் தொடங்கியிருந்தார்கள். அவர்களுடைய கோப்புகள் உடைந்துவிடக் கூடாது என்று விட்டுவிட்டார். இன்றுவரை அப்படியே இருக்கிறது.

இதுவரை பார்த்தது: கம்பைலர் மாற்றுகிறது, லிங்கர் இணைக்கிறது, பில்ட் சிஸ்டம் எதை எப்போது செய்ய வேண்டும் என்று முடிவு செய்கிறது. அதற்கு ஆதாரம் இரண்டு: நாம் எழுதிக் கொடுத்த சார்புகள், கோப்புகளின் நேரம்.

அந்த இரண்டும் பொய் சொன்னால்?

"என்ன மாற்றினாலும் வேலை செய்யவில்லை, மேக் கிளீன் போட்டேன், சரியாகிவிட்டது" என்று சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். கட்டி வைத்த கோப்புகளையெல்லாம் அழிப்பது மேக் கிளீன், அதன் பிறகு மேக் என்று அடித்தால் முதலிலிருந்து கட்டும். அது மந்திரம் இல்லை. எங்கோ ஒரு தகவல் பொய்யாக இருந்திருக்கிறது, எல்லாவற்றையும் அழித்ததால் அந்தப் பொய்க்கும் இடமில்லாமல் போனது. பெரிய திட்டத்தில் ஒவ்வொரு முறையும் இப்படிச் செய்தால் நாள் போய்விடும். அதனால் பொய் எங்கே நுழைகிறது என்று தெரிந்துகொள்வது நல்லது.

முதலாவது, சார்பு விடுபடுவது. மேலே உள்ள விதியில் மழை.எச் என்பதை எழுத மறந்துவிட்டால், ஹெடரில் ஒரு ஸ்ட்ரக்சரை மாற்றினாலும் பழைய ஆப்ஜெக்ட் கோப்பு அப்படியே இருக்கும். ஒரு கோப்பு புது அமைப்பை நம்பும், இன்னொன்று பழைய அமைப்பை நம்பும். நிரல் புரியாத இடத்தில் விழும். இதனால்தான் இன்றைய திட்டங்களில் ஹெடர் சார்புகளைக் கையால் எழுதுவதில்லை. ஒவ்வொரு கோப்பும் எந்தெந்த ஹெடரைப் படித்தது என்று கம்பைலரையே எழுதித் தரச் சொல்லிவிடுகிறார்கள்.

இரண்டாவது, கடிகாரம். கைமாறி வந்த பழைய லேப்டாப்புகளில் மதர்போர்டு பேட்டரி செத்திருந்தால், அணைத்துப் போடும்போது தேதி பல ஆண்டுகள் பின்னால் போய்விடும். அப்போது சேமிக்கிற கோப்புகள் எல்லாம் பழைய ஆப்ஜெக்ட் கோப்பைவிடப் "பழையவை" ஆகிவிடும். மேக் அவற்றைத் தொடாது. சில சமயம் "க்ளாக் ஸ்கியூ டிடெக்டெட்" என்று எச்சரிக்கும். அதைப் பார்த்தால் நிரலைத் தேடாதீர்கள், தேதியைச் சரி செய்யுங்கள்.

மூன்றாவது, கரண்ட் போவது. மழைக்காலத்தில் மலையில் இது சாதாரணம். பாதி பில்டில் கணினி அணைந்தால் முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை. முடிந்த கோப்புகள் முடிந்தவைதான், மறுபடி மேக் என்று அடித்தால் மிச்சத்திலிருந்து தொடரும். ஆனால் அந்த நொடியில் எழுதப்பட்டுக்கொண்டிருந்த கோப்பு அரைகுறையாக நின்றிருக்கலாம். அதன் நேரம் புதியது என்பதால் முடிந்துவிட்டது என்று மேக் நம்பிவிடும். கன்ட்ரோல்-சி போட்டு நாமாக நிறுத்தினால் அரைகுறை இலக்கை மேக்கே அழித்துவிடும். கரண்ட் போகும்போது அதற்கு அவகாசம் கிடைப்பதில்லை. லிங்கர் ஒரு கோப்பின் பெயரைச் சொல்லி அது வெட்டுப்பட்டிருக்கிறது என்றோ அடையாளம் தெரியவில்லை என்றோ புலம்பினால், அந்த ஒரு ஆப்ஜெக்ட் கோப்பை மட்டும் அழித்துவிட்டு மறுபடி ஓட்டுங்கள்.

சிமேக் என்பது புது மேக் இல்லை

பெயர் ஒத்திருப்பதால் பலரும் குழம்புகிற இடம் இது.

ஒரு திட்டம் உபுண்டு, ஃபெடோரா என்ற லினக்ஸ் வகைகள், விண்டோஸ், ஆப்பிளின் மேக் கணினி எல்லாவற்றிலும் கட்டப்பட வேண்டும். ஒவ்வொன்றிலும் கம்பைலர் வேறு, நூலகங்கள் (பிறர் எழுதி வைத்த, நம் நிரல் பயன்படுத்தும் ஃபங்ஷன்களின் தொகுப்புகள்) இருக்கும் இடம் வேறு. ஒரே மேக்ஃபைலைக் கையால் எழுதி எல்லா இடத்திலும் ஓட்டுவது பெரும்பாடு. அதனால் வேலையை இரண்டாகப் பிரித்தார்கள்.

முதல் படி, கட்டமைப்பு. எந்தக் கம்பைலர் இருக்கிறது, தேவையான நூலகங்கள் இருக்கின்றனவா, எந்த வசதிகளைச் சேர்க்க வேண்டும் என்று கணினியைச் சோதித்து, இந்தக் கணினிக்கு ஏற்ற விதிகளை எழுதித் தருவது. பழைய திட்டங்களில் கன்ஃபிகர் என்ற ஸ்கிரிப்ட் இதைச் செய்கிறது. 2000-இல் கிட்வேர் நிறுவனத்தில் தொடங்கிய சிமேக்கும், 2013-இல் யுஸ்ஸி பக்கனென் வெளியிட்ட மீசானும் இதே வேலையைச் செய்பவை.

இரண்டாம் படி, அந்த விதிகளை ஓட்டுவது. அது மேக்காக இருக்கலாம், நிஞ்ஜாவாக இருக்கலாம். கூகுளில் குரோம் உலாவியில் வேலை செய்தபோது ஈவன் மார்ட்டின் எழுதியது நிஞ்ஜா. அதன் விதிகளை மனிதர் எழுத வேண்டும் என்று அவர் எதிர்பார்க்கவே இல்லை. வேறு கருவி எழுதித் தரும், நிஞ்ஜா அதை வேகமாக ஓட்டும். கம்பைல் கட்டளையையும் அது நினைவில் வைத்திருப்பதால், கோப்பு மாறாமல் கட்டளை மட்டும் மாறினாலும் மறுபடி கட்டும். சாதாரண மேக்குக்கு அந்த மாற்றம் தெரியாது.

ஆக, சிமேக் விதிகளை எழுதுகிறது, மேக்கோ நிஞ்ஜாவோ ஓட்டுகிறது, கம்பைலர் கடைசியில் வேலை செய்கிறது. போஸ்ட்கிரஸ் 2023-இல் வந்த 16-ஆம் பதிப்பிலிருந்து மீசானிலும் கட்டலாம். லினக்ஸ் மேசைச்சூழலான க்னோமின் திட்டங்கள் பெரும்பாலும் மீசானுக்கு மாறிவிட்டன. எந்தத் திட்டத்தைத் திறந்தாலும் முதல் அடைவில் (ஃபோல்டரில்) பாருங்கள்: சிமேக்லிஸ்ட்ஸ் கோப்பு இருக்கிறதா, மீசான்.பில்ட் இருக்கிறதா, கன்ஃபிகர் இருக்கிறதா? அதிலேயே பாதி விஷயம் தெரிந்துவிடும்.

இரண்டு பழக்கங்களை ஆரம்பத்திலேயே பிடித்துக்கொள்ளுங்கள். மூலநிரலுக்கு நடுவில் கட்டாமல் பில்ட் என்று தனி அடைவு வைத்துக் கட்டுங்கள். மீசான் இதைக் கட்டாயமாக்குகிறது, சிமேக்கிலும் இதுதான் நல்ல வழக்கம். முதலில் தேர்ந்த கம்பைலரையும் ஆப்ஷன்களையும் சிமேக் அந்த அடைவில்தான் நினைவில் வைத்திருக்கும். குழப்பம் வந்தால் அதை மட்டும் அழித்தால் போதும், மூலநிரலுக்கு ஒன்றும் ஆகாது. இன்னொன்று, ரீட்மீயில் கடைசி வரியாக மேக் இன்ஸ்டால் இருந்தால் உடனே சூடோ (நிர்வாகி அனுமதி) போட்டு அடிக்காதீர்கள். அது நீங்கள் கட்டியதைக் கணினி முழுமைக்கும் நிறுவிவிடும். பங்களிப்பவருக்குப் பெரும்பாலும் அது தேவையே இல்லை. பில்ட் அடைவிலிருந்தே ஓட்டிப் பார்க்கலாம்.

நூலகம் இருக்கிறது, ஆனாலும் இல்லை என்கிறது

எனக்குத் தெரிந்து அதிகம் பேரை விரட்டி அடிப்பது இதுதான்.

இசட்லிப் என்று சுருக்க வேலை செய்யும் நூலகம் ஒன்று உண்டு. ஏறக்குறைய எல்லா லினக்ஸ் கணினியிலும் இருக்கும். ஆனால் அதைப் பயன்படுத்தும் ஒரு திட்டத்தைக் கட்டப் போனால், இசட்லிப்.எச் கிடைக்கவில்லை என்று கம்பைலர் நின்றுவிடும். "ஏற்கெனவே இன்ஸ்டால் ஆகியிருக்கிறதே!" என்று மாணவர்கள் திகைப்பார்கள்.

உபுண்டு, டெபியன் போன்றவற்றில் ஒரு நூலகம் இரண்டு பொதிகளாக வருகிறது. நிரல் ஓடுவதற்குத் தேவையான பொதி ஒன்று. அதைப் பயன்படுத்தி வேறு நிரல் கட்டுவதற்குத் தேவையான ஹெடர்கள் அடங்கிய பொதி இன்னொன்று. இரண்டாவதின் பெயர் டெவ் என்று முடியும், ஃபெடோராவில் டெவெல் என்று முடியும். சாதாரணப் பயனாளருக்கு ஹெடர் வேண்டாம் என்பதால் அது தானாக வருவதில்லை. அந்த ஒரு பொதியைப் போட்டால் பிழை மறைந்துவிடும். சி தெரியாததால் வந்த பிழை இல்லை இது!

எந்த ஹெடர் எந்தப் பொதியில் இருக்கிறது என்று தேட ஏபிடி-ஃபைல் என்ற கருவி உதவும். இன்னும் நல்ல வழி: நீங்கள் பங்களிக்கப் போகிற மென்பொருள் டெபியனிலோ உபுண்டுவிலோ ஏற்கெனவே பொதியாக இருந்தால், ஏபிடி பில்ட்-டெப் என்று அடித்து அதன் பெயரைக் கொடுங்கள். அதைக் கட்டத் தேவையான எல்லாவற்றையும் ஒரே தடவையில் கொண்டுவந்துவிடும். இதற்கு முன் மென்பொருள் அமைப்புகளில் மூலநிரல் களஞ்சியங்களை இயக்க வேண்டியிருக்கும்.

ரஸ்ட், ஜாவாஸ்கிரிப்ட் பக்கமிருந்து வருகிறவர்களுக்கு இது விசித்திரமாக இருக்கும். அந்த மொழிகளின் கருவிகளான கார்கோவோ என்பிஎம்மோ தேவையான நூலகங்களைத் தானே இறக்கிக்கொள்ளும். சி உலகில் அப்படி எல்லோரும் ஏற்ற ஒரே கருவி இல்லை. நூலகத்தைக் கொண்டுவருவது பெரும்பாலும் இயங்குதளத்தின் பொதி மேலாளர் வேலை, பில்ட் சிஸ்டம் அது இருக்கிறதா என்று தேட மட்டும் செய்யும்.

பிழை எந்தப் படியில் வந்தது?

இப்போது பிழைச் செய்தியைப் படிக்கத் தயாராகிவிட்டீர்கள். முதலில், கடைசி வரியைப் பார்க்காதீர்கள். மேக் கடைசியில் "எரர் 2" என்று சொல்வது கீழே எங்கோ ஏதோ தோற்றுவிட்டது என்ற எதிரொலி மட்டுமே. மேலே ஏறி, முதல் பிழையைத் தேடுங்கள். பல வேலைகள் சேர்ந்து ஓடும்போது செய்திகள் பின்னிக்கிடக்கும். ஒரு வேலை மட்டும் ஓடும்படி மறுபடி அடித்தால் அது தெளிவாகத் தெரியும்.

கட்டமைப்புப் படியிலேயே ஒரு சார்பு கிடைக்கவில்லை என்று நின்றால், டெவ் பொதியைத் தேடுங்கள். இதுதான் இருப்பதிலேயே அன்பான பிழை, பெயரையும் சொல்லிவிடுகிறது. கம்பைலர் ஒரு ஹெடர் கோப்பு இல்லை என்றாலும் அதே சிகிச்சைதான். "அன்டிஃபைன்ட் ரெஃபரென்ஸ்" என்று வந்தால் பேசுவது லிங்கர். அறிவிப்பு கிடைத்துவிட்டது, ஃபங்ஷனின் உடல் கிடைக்கவில்லை. நூலகம் இணைக்கப்படவில்லை, அல்லது நீங்கள் சேர்த்த புதுக் கோப்பை விதிகளில் சேர்க்க மறந்துவிட்டீர்கள். கட்டி முடித்து ஓட்டும்போது ஒரு ஷேர்டு லைப்ரரியைத் திறக்க முடியவில்லை என்றால், பில்டில் கோளாறு தேட வேண்டாம். நிரல் தொடங்கும்போது இயங்குதளம் நூலகத்தைத் தேடிய இடத்தில் அது இல்லை.

"கில்ட்" என்ற ஒற்றைச் சொல்லோடு கம்பைலர் செத்துவிழுந்தால் நிரலில் தவறே இல்லை. நினைவகம் தீர்ந்துபோய் இயங்குதளம் அதைக் கொன்றிருக்கிறது. 4 ஜிபி ராம் உள்ள லேப்டாப்பில் பெரிய சி++ திட்டம் கட்டினால் இது அடிக்கடி நடக்கும்.

மெதுவான இணையம், சின்ன லேப்டாப்

வேகமான இணையமும் பெரிய கணினியும் இருக்கிற ஒருவர் எழுதிய வழிகாட்டி, கோத்தகிரிக்கு அப்பால் ஒரு கிராமத்தில் போன் டேட்டாவில் வேலை செய்கிறவருக்கு அப்படியே பொருந்தாது. நம் பிள்ளைகள் திறமையில் பின்தங்கவில்லை. இந்த இடைவெளியில்தான் மாட்டிக்கொள்கிறார்கள் என்பது என் கருத்து.

கிட் க்ளோன் செய்யும்போது டெப்த் 1 என்று கொடுத்தால் முழு வரலாறும் இறங்காது, கடைசி நிலை மட்டும் வரும். பெரிய திட்டங்களில் இது மிகப் பெரிய மிச்சம். சில திட்டங்கள் பதிப்பு எண்ணைக் கிட் வரலாற்றிலிருந்து எடுப்பதால் அங்கே மட்டும் இது இடறும்.

மேக்கோடு ஜே என்ற ஆப்ஷனில் ஒரு எண் கொடுத்தால் அத்தனை வேலைகளைச் சேர்த்து ஓட்டும். எண் இல்லாமல் வெறும் ஜே மட்டும் கொடுத்தால் வரம்பே இல்லை, சின்ன லேப்டாப் உறைந்துவிடும். நிஞ்ஜா கேட்காமலே எல்லா கோர்களையும் எடுத்துக்கொள்ளும், அங்கே எண்ணைக் குறைத்துக் கொடுங்கள். ராம் குறைவு என்றால் இரண்டு போதும்.

சிகேஷ் என்ற கருவியைப் போட்டுக்கொள்ளுங்கள். முன்பு கம்பைல் செய்த அதே கோப்பு, அதே ஆப்ஷன் மறுபடி வந்தால் பழைய விடையை எடுத்துக் கொடுத்துவிடும். பில்ட் அடைவை அழித்தபிறகும் இது கைகொடுக்கும். பெரிய திட்டங்களிலும் சில நல்ல வழிகள் உண்டு. ஃபயர்ஃபாக்ஸில் ஆர்டிஃபேக்ட் பில்ட் என்று ஒன்று இருக்கிறது. கனமான சி++ பகுதிகளை ஏற்கெனவே கட்டிய நிலையில் இறக்கிக்கொண்டு, முகப்புப் பகுதியில் மட்டும் நீங்கள் வேலை செய்யலாம். லினக்ஸ் கெர்னலில் லோக்கல்மாட்கன்ஃபிக் கொடுத்தால் உங்கள் கணினி அப்போது பயன்படுத்தும் மாட்யூல்களை (தேவைப்படும்போது ஏற்றப்படும் கெர்னல் துண்டுகளை) மட்டும் கட்டும்.

முதல் நாள் என்ன செய்வது

எதையும் மாற்றாமல் ஒரு முறை முழுதாகக் கட்டுங்கள். கட்டியதை ஓட்டுங்கள். பிறகு திரையில் தெரிகிற ஏதாவது ஒரு சொல்லை மூலநிரலில் தேடி மாற்றிவிட்டு மறுபடி கட்டுங்கள். எத்தனை கோப்புகள் மட்டும் கம்பைல் ஆகின்றன என்று கவனியுங்கள். நீங்கள் மாற்றிய சொல் திரையில் தெரிந்தால், உங்கள் கையில் ஓடுவது உங்கள் நிரல்தான் என்று உறுதியாகிவிட்டது. அப்புறம் அந்த மாற்றத்தை நீக்கிவிட்டு, மறுபடி கட்டி, திட்டத்தின் சோதனைகளை ஓட்டுங்கள். மாற்றாத நிரலிலேயே எவை தோற்கின்றன என்று குறித்துவைத்தால், பின்னால் உங்கள் மாற்றத்தால் வந்த தோல்வியைப் பிரித்துப் பார்க்க முடியும்.

உதவி கேட்கும்போது முதல் பிழையை முழுதாக எழுத்தாக ஒட்டுங்கள், படமாக வேண்டாம். இயங்குதளப் பதிப்பையும், அதுவரை அடித்த கட்டளைகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

வழியில் எந்தெந்தப் பொதியைப் போட வேண்டியிருந்தது என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டே வாருங்கள். அதில் ரீட்மீயில் இல்லாத பெயர் ஏதாவது இருந்தால் உங்கள் முதல் பங்களிப்பு கிடைத்துவிட்டது. பழைய கணினியில் எல்லாம் போட்டு வைத்திருக்கிற மூத்த நிரலாளருக்கு அந்தக் குறை கண்ணில் படவே படாது, புதிதாக வந்த உங்களுக்குத்தான் தெரியும். அந்த ஒரு வரியை மட்டும் சேர்த்துத் தனிக் கமிட்டாக (கிட்டில் பதியும் ஒரு மாற்றமாக) அனுப்புங்கள். எந்தப் பதிப்பில் சோதித்தீர்கள், அந்தப் பொதி இல்லாதபோது என்ன பிழை வந்தது என்ற இரண்டையும் கமிட் செய்தியில் எழுதுங்கள்.